போதும் கோச், போய் வாருங்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள மேனேஜர் அவர்களுக்கு,

சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் என் அறையில் நாம் இருவரும் போட்ட சத்தம் வெளிக்கேட் வரைக்கும் கேட்டதாக வாட்ச்மேன் சொன்னார். அது வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. எனக்கு மருமகளும் உங்களுக்கு மகளுமாகிய பல் டாக்டர், சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் உத்தரவு போட்டாள்: "மாமா, இனிமே நீங்களும் அப்பாவும் ஃபுட்பால் பத்தி வாயால பேசக் கூடாது. பேசியே ஆகணும்னா பேப்பர்ல எழுதிக்கோங்க. எழுதுறப்பவாவது வாய்க்கு முன்னாடி மூளை போகும்."

அவள் சொல்லை மீறுகிற தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. ஆகவே கிளப்பில் என் அறை மாடியிலும் உங்கள் அறை அதே படிக்கட்டுக்குக் கீழேயும் இருந்தாலும் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இது தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. பட்டியலில் நமக்குக் கீழே இரண்டே அணிகள். இன்னும் சறுக்கினால் அடுத்த வருஷம் கீழ் டிவிஷனில் ஆட வேண்டும். கிழக்கு கேலரியில் ஒரு படுக்கை விரிப்பில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்களே, "போதும் கோச், போய் வாருங்கள்" என்று, அதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் ரசிகர்கள் பண்பட்டவர்கள். அத்தனை ஆத்திரத்திலும் மரியாதை விகுதியை விடவில்லை. நிர்வாகமும் அதே மரியாதையோடு நடந்துகொள்ள விரும்புகிறது.

இருபத்திரண்டு வருஷ சேவையை யாரும் மறுக்கவில்லை. உங்களுக்காகவே 'மூத்த ஆலோசகர்' என்றொரு பதவியை உருவாக்க உத்தேசம். தனி நாற்காலி, கார் நிறுத்த இடம், ஒரு வழியனுப்பு ஆட்டம் எல்லாம் உண்டு. காலம் மாறிவிட்டது, புதிய அணுகுமுறை தேவைப்படுகிறது. தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சம்பந்தியம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
கிளப் தலைவர்


பிப்ரவரி 5

தலைவர் அவர்களுக்கு,

தவறாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆலோசகர் என்றால் என்ன வேலை என்று என் மனைவி கேட்டாள். "கேக்காத ஆளுக்கு, கேக்காத நேரத்துல, கேக்காத விஷயத்தைச் சொல்ற வேலை" என்றேன். "அதைத்தான் வீட்டுல ஏற்கெனவே பாத்துக்கிட்டிருக்கீங்களே" என்றாள். ஆக அந்தப் பதவியில் ஏற்கெனவே இருக்கிறேன். உங்கள் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுங்கள்.

நீங்கள் குளியலறைச் சாமான் கடை வைத்திருக்கிறீர்கள். குழாய் ஒழுகினால் வாஷரை மாற்ற வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். இங்கே மட்டும் குழாய் ஒழுகுகிறதென்று வீட்டுக்காரனை வெளியே பிடித்துத் தள்ளப் பார்க்கிறீர்கள். அந்த ஒழுகுகிற குழாயை மாட்டியதும் நீங்கள்தான். போனில் மூன்று நிமிஷப் படம் பார்த்துவிட்டு ஒரு ஃபார்வர்டைப் பிடித்துவந்தீர்களே, பையன்கள் அவனுக்கு 'வீடியோ' என்றே பேர் வைத்துவிட்டார்கள். மூன்று நிமிஷம் ஓடுவான், அப்புறம் நின்றுவிடுவான். பந்து கிட்டே வந்தால் விருந்தாளியைக் கண்ட கஞ்சன் மாதிரி ஒதுங்குகிறான். அவனை இறக்கச் சொல்லி இடைவேளையில் எனக்குச் சீட்டு அனுப்பியது எந்த அணுகுமுறை? புதிதா, பழையதா?

பேரைச் சொல்ல உங்களுக்குக் கூச்சம், நானே சொல்லிவிடுகிறேன். புதிய அணுகுமுறை என்றால் உங்கள் மகன், என் மாப்பிள்ளை, இந்த அணியில் என் உதவியாளர். வேறு ஒருவராக இருந்தால், பயிற்சிக்கு மைதானத்தில் வைத்த பிளாஸ்டிக் கூம்புகளைக் காட்டி, "டேய், வேகமா ஓடி அந்தக் கோனையெல்லாம் பொறுக்கு" என்று ஒரு அதட்டல் போதும். இவரிடம் நாலு வருஷமாக, "மாப்பிள்ளை, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா அந்தக் கோனையெல்லாம் கொஞ்சம் எடுத்து வைக்கிறீங்களா?" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். நல்ல மனிதர். அதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

மரியாதை விகுதி பற்றி மகிழ்ந்திருந்தீர்கள். 'போ' என்றாலும் 'போய் வாருங்கள்' என்றாலும் காட்டுகிற வாசல் ஒன்றுதான்.

நானாகப் போகமாட்டேன். முடிந்தால் தள்ளுங்கள்.

கோச்


பிப்ரவரி 13

மேனேஜருக்கு,

'அன்புள்ள' விட்டுப்போனது கை மறதியால் அல்ல.

ஆறாவது தோல்வியும் வந்து சேர்ந்தது. ஆமாம், என் மகன்தான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? உங்களுக்குக் கீழே எட்டு வருஷம் ஆடினான், நாலு வருஷமாகக் கோன் பொறுக்குகிறான். எந்த வீரன் எவ்வளவு ஓடினான், எங்கே களைத்தான் என்று கம்ப்யூட்டரில் போட்டுக் கொண்டுவந்து காட்டியபோது, "மாப்பிள்ளை, நான் காலைப் பாத்து டீம் போடுறவன், கம்ப்யூட்டரைப் பாத்து இல்ல" என்று பையன்கள் முன்னால் சொல்லிச் சிரிக்க வைத்தீர்களாமே. அதை அவன் என்னிடம் சொல்லவில்லை. உங்கள் மகள்தான் சொன்னாள். அவள் சொன்ன விதம் உங்களுக்குப் பிடித்திருக்காது.

நீங்கள் வந்த இரண்டாம் வருஷம் ஒரு கோப்பை ஜெயித்தோம். ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு கோப்பையில் இன்னும் எத்தனை வருஷம் தண்ணீர் குடிப்பதாக உத்தேசம்?

இருபத்தாறாம் தேதி நிர்வாகக் குழு கூடுகிறது. நான், கால்நடை மருத்துவர், அச்சகக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, நாலு பேரும் ஓட்டுப் போடுவோம். அதற்குள் நீங்களாக ராஜினாமா எழுதிக்கொடுத்தால் பேராவது மிஞ்சும்.

தலைவர்


பிப்ரவரி 17

தலைவருக்கு,

ஒன்றுக்குப் பூஜ்யம். ஜெயித்தது நாம்தான். உங்களுக்குச் சந்தேகம் வரக்கூடும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

'வீடியோ' தொண்ணூறு நிமிஷமும் பெஞ்சில் இருந்தான். கோல் விழுந்தபோது நீங்கள் எழுந்து நின்று கைதட்டியதைக் கீழேயிருந்து பார்த்தேன். விளக்கெண்ணெய் குடித்த முகம். சொந்த அணி ஜெயித்ததற்காக இவ்வளவு துக்கப்படுகிற தலைவரை எந்த கிளப்பிலும் நான் கண்டதில்லை.

இன்று காலை மாப்பிள்ளை என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே இருந்தார்.

"மாமா, பொறுப்பை எடுத்துக்கிறியான்னு அப்பா என்கிட்ட கேட்டாரு. நான் இன்னும் பதில் சொல்லல."

"சொல்லுங்க மாப்பிள்ளை, யாரு தடுத்தா?"

"நீங்க இருக்கணும்னு சொன்னா அது பொய். போகணும்னு சொன்னா அது துரோகம்."

"ரெண்டையும் சொல்லாம நடுவுல நின்னா அதுக்குப் பேரு ஆஃப்சைடு" என்றேன்.

நல்ல பதில் என்று அப்போது தோன்றியது. அவர் கோன்களை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார். உங்கள் ரத்தமாக இருந்திருந்தால் ஒரு பக்கத்துக்குப் பதில் வந்திருக்கும். யாரைக் கொண்டு பிறந்தாரோ தெரியவில்லை.

கோச்


பிப்ரவரி 27

மேனேஜருக்கு,

மூன்றுக்கு ஒன்று. இதில் ஜெயித்தது நான். உங்களுக்குச் சந்தேகம் வரக்கூடும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

உங்கள் பக்கம் விழுந்த ஒரே ஓட்டு தலைமையாசிரியையுடையது. அதற்கும் ரொம்பப் பூரிக்க வேண்டாம். அந்த அம்மா சொன்னது இதுதான்: "அவர் போக வேண்டியவர்தான். ஆனா நீங்க அனுப்புற காரணத்துக்காக இல்ல."

வரும் சனிக்கிழமை ஆட்டம்தான் உங்களுக்குக் கடைசி. முடிந்ததும் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிடவும். திங்கட்கிழமை என் மகன் பொறுப்பேற்பான். ஆலோசகர் பதவி இனி கிடையாது.

தலைவர்


மார்ச் 4

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மேனேஜர் நீங்கள் இல்லை. சம்பந்தி என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று காலை உங்கள் அறைச் சாவியை என் மகனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"அப்பா, நான் வேற இடத்துல சேந்துட்டேன். பொண்ணுங்க டீம். இங்கேருந்து ரெண்டு மணி நேரம். வீடும் பாத்தாச்சு."

இவ்வளவு பாடுபட்டு நாற்காலியைக் காலி பண்ணி வைத்திருக்கிறேன், இவன் பெண்கள் அணிக்குப் போகிறானாம். ஏண்டா என்று கேட்டேன்.

"இங்க மேனேஜரா இருந்தா, தோத்தா உங்க பையன், ஜெயிச்சா அவரோட மாப்பிள்ளை. நான் எப்பப்பா நானா இருக்கிறது?"

மருமகள் அங்கே ஒரு கிளினிக்கில் பேசி முடித்துவிட்டாளாம். நேற்று இரவே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். மூத்தவர்கள் நாங்கள் இருக்கிறோமே, ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றேன். "நீங்க ரெண்டு பேரும் ஒரு மாசமா எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா மாமா?" என்றாள்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். உண்மையைச் சொல்லுங்கள். இது நீங்கள் சொல்லிக்கொடுத்ததா?

தலைவர்


மார்ச் 6

தலைவருக்கு,

இல்லை. எனக்குத் தெரியாது. என் மகள் அவள் அம்மாவிடம் மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறாள். என் மனைவி என்னிடம் சொல்லவில்லை. ஏன் மறைத்தாய் என்றதற்கு, "உங்ககிட்ட சொன்னா அவரு காதுக்கும் சேத்துச் சொன்ன மாதிரி. ரெண்டு பேரும் கத்தி, கிளம்புற புள்ளைங்களை நிறுத்திடுவீங்க" என்றாள். என் வீட்டிலும் என்னைப் பற்றி அபிப்பிராயம் இப்படித்தான் இருக்கிறது. நீங்கள் மட்டும் அவமானப்பட்டதாக நினைக்க வேண்டாம்.

ஊரைக் கூட்டி ஓட்டெடுத்து, உட்கார்ந்திருந்தவனை எழுப்பிவிட்டீர்கள், உட்கார வேண்டியவன் ஓடிவிட்டான். இனி அந்த நாற்காலியில் ஒரு வாஷ்பேசினைத் தூக்கி வையுங்கள். அதுவாவது கடைக்கு விளம்பரம்.

இன்னொன்று. இதை உங்களுக்கு எழுதுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். வெளியே போனவன்தானே, எழுதினால் என்ன என்று எழுதுகிறேன். கடைசி ஆட்டத்தின் இடைவேளையில் பையன்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஷூ கயிறு அவிழ்ந்ததென்று குனிந்தேன். எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் என் பின்னால் உட்கார்ந்திருந்த கோல்கீப்பர் தெரிந்தான். நான் பேசப் பேச அவன் உதடும் அசைந்தது. என் வார்த்தைகள்தான், எனக்கு அரை நொடி முன்னால். "மூஞ்சியில காத்து பட்டா ஓடுறோம்னு அர்த்தம்" என்கிற இடத்தில் நான் வேண்டுமென்றே நிறுத்தினேன். அவன் நிறுத்தவில்லை. பக்கத்தில் கேப்டன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

கேலியாகச் செய்திருந்தால் அறைந்திருப்பேன். அது கேலி இல்லை. பஸ்ஸில் போகிறவன் பாட்டை முணுமுணுக்கிற மாதிரி, பழக்கதோஷத்தில் முணுமுணுத்தான். அப்புறம் நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. இரண்டு கோலில் தோற்றோம்.

தலைமையாசிரியை அம்மா சொன்னது சரி. போக வேண்டியவன்தான். நீங்கள் சொன்னது சரி என்று நான் எழுதியதாக யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள்.

கோச்


மார்ச் 10

சம்பந்தி அவர்களுக்கு,

சனிக்கிழமை ஐந்து கோல் வாங்கினோம். பெஞ்சில் உங்கள் இடத்தில் உட்கார ஆள் இல்லாமல் கால்நடை மருத்துவர் உட்கார்ந்தார். ஒருவன் விழுந்தபோது ஓடிப்போய்க் காலைப் பிடித்துப் பார்த்தார். அவன் பயந்து எழுந்துவிட்டான். அன்றைய ஆட்டத்தில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மூன்று பேரிடம் பேசிப் பார்த்தேன். ஒருவர் போனிலேயே சிரித்தார். இன்னொருவர், "அவரையே இருபத்திரண்டு வருஷம் கழிச்சு இப்படி அனுப்பினீங்க, எனக்கு எத்தனை வாரம் குடுப்பீங்க?" என்றார். மூன்றாமவர் வந்து பார்த்தார், உங்கள் அறையைப் பார்த்தார், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

இன்னும் எட்டு ஆட்டம் இருக்கிறது. சீசன் முடியும்வரை இருங்கள். குழுவில் நான் பேசிக்கொள்கிறேன். கெஞ்சுவதாக எடுத்துக்கொண்டாலும் சரி.

பிள்ளைகள் நேற்று கிளம்பிப் போனார்கள். வீடு நன்றாக இல்லை.

தலைவர்


மார்ச் 11

தலைவருக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவிக்கு இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டினேன். 'கெஞ்சுவதாக' என்கிற இடம் வந்ததும் நிறுத்தி மறுபடி படித்தேன்.

"என்ன பண்ணப் போறீங்க?" என்றாள்.

"போகப் போறேன்."

"போகணும்னு நீங்களேதானே சொன்னீங்க, அந்தக் கண்ணாடி விஷயத்துக்கு அப்புறம்?"

"இவரு கெஞ்சுறப்ப போகாம இருக்க முடியுமா?"

"பழி வாங்குறதுக்கு ஒரு உத்தியோகமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். கேட்கட்டும்.

வருகிறேன். இரண்டு நிபந்தனை. இடைவேளையில் சீட்டு வரக் கூடாது. கிழக்கு கேலரியில் அந்தப் படுக்கை விரிப்பு இன்னும் தொங்குகிறது. அதை ஆள் வைத்து எடுக்கக் கூடாது. சனிக்கிழமை கூட்டம் வந்த பிறகு நீங்களே ஏறி, உங்கள் கையால் அவிழ்க்க வேண்டும்.

கோச்


மே 5

சம்பந்தி,

கீழே போய்விட்டோம். பேப்பரில் பார்த்திருப்பீர்கள், இருந்தாலும் முறைப்படி தெரிவிக்க வேண்டியது என் கடமை.

எட்டில் ஒன்று ஜெயித்தோம், இரண்டு சமன். மார்ச்சில் கோட்டும் டையுமாகக் கேலரியில் ஏறி அந்த விரிப்பை அவிழ்த்தபோது கூட்டம் முழுக்கக் கைதட்டியது. முடிச்சு இறுகிக் கிடந்தது, நகம் பெயர்ந்தது. கீழே நின்று நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்று நீங்கள் பார்த்த பார்வைக்காகவே மிச்ச ஏழு ஆட்டத்திலும் நீங்கள் தோற்க வேண்டும் என்று நினைத்தேன். என் கிளப், என் அணி, நான் தலைவர். இப்படி நினைத்தேன் என்று எழுதவே அருவருப்பாக இருக்கிறது.

கடைசி ஆட்டத்துக்கு மருமகள் வந்திருந்தாள். என் பக்கத்தில் உட்காரவில்லை, டிக்கெட் வாங்கிப் பொதுமக்களோடு உட்கார்ந்தாள். முடிந்ததும் வந்து சொன்னாள்: "மாமா, நீங்களும் அப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் ஜெயிக்கத்தான் இந்த சீசன் பூரா ஆடினீங்க. நடுவுல பதினோரு பேர் ஓடிக்கிட்டிருந்தாங்க, பாத்தீங்களா?"

கிழக்கு கேலரியில் புது விரிப்பு தொங்கியதைக் கவனித்தீர்களா? "ரெண்டு பேரும் போங்கடா." விகுதி போய்விட்டது.

நான் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டேன். தலைமையாசிரியை அம்மா பொறுப்பேற்கிறார். கடைசி ஆட்டத்து இடைவேளையில் நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று கேப்டன் சொல்கிறான். ஏன்?

உங்கள் சம்பந்தி


மே 26

சம்பந்தி அவர்களுக்கு,

நானும் எழுதிக்கொடுத்துவிட்டேன். தலைமையாசிரியை அம்மா வாங்கிப் படித்து, ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கேப்டனை மேனேஜராகப் போடப் போகிறார்.

ஏன் பேசவில்லை என்று கேட்டீர்கள். வாயைத் திறந்தேன், கோல்கீப்பரும் திறந்தான். மூடிக்கொண்டேன். கேப்டன் எழுந்து பேசினான். கொச்சையாக, தப்புத் தப்பாகப் பேசினான். பையன்கள் அவனை நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டாம் பாதியில் நன்றாகத்தான் ஆடினோம், போதவில்லை. எட்டு வாரம் முன்னாலேயே அவன் பேசியிருந்தால் தப்பித்திருப்போம். அவன் பேச வேண்டிய இடத்தில் நான் நின்றேன், உங்கள் நகம் பெயர்வதைப் பார்ப்பதற்காக. உங்களை முட்டாள் என்று இத்தனை கடிதம் எழுதியிருக்கிறேன். அதில் எதையும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. என்னையும் சேர்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை பிள்ளைகளைப் பார்க்கப் போயிருந்தோம். அன்று மாப்பிள்ளையின் அணிக்கு ஆட்டம். வேலியோரம் மகளோடு நின்றேன். இடைவேளையில் அந்தப் பெண்கள் புல்லில் உட்கார்ந்தார்கள், இவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "முதல் பாதியில நீங்க என்ன பாத்தீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஒவ்வொருத்தியும் பேசினாள், இவர் தலையாட்டினார்.

"இதெல்லாம் ஒரு பேச்சா? அவங்களே பேசிக்கிறதுக்கு இவரு எதுக்கு?" என்றேன்.

"வாயை மூடுங்கப்பா" என்றாள் மகள். நோயாளியிடம் சொல்கிற குரலில்தான்.

இரண்டாம் பாதியில் இரண்டு கோல் போட்டார்கள். இரண்டும் இடது பக்கமிருந்து, அந்தப் பெண்கள் சொன்ன இடத்திலிருந்து. நல்ல மனிதர் என்பதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இல்லை என்று நான் எழுதியிருந்தேன். நாலு வருஷம் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்காத கண் என்னுடையது. காலைப் பார்த்து அணி போடுகிறவனாம்.

முடிந்ததும் வேலிக்கு வந்தார். வியர்த்திருந்தது.

"மாமா, எப்படி இருந்துச்சு?"

சொல்ல வேண்டிய தப்பு நாலு இருந்தது. ஒன்றைத்தான் சொன்னேன். "லெஃப்ட் பேக் தூங்குறா."

"ஆமா மாமா, எனக்கும் தெரியுது. எதிர்ல வர்ற ஆள் எந்தப் பக்கம் திரும்புறாங்கன்னு பாக்க மாட்டேங்குறா. செவ்வாய்க்கிழமை வந்து நின்னு காட்டுறீங்களா?"

என் கால் இரண்டும் அப்போதே மைதானத்துக்குள் இறங்கிவிட்டன, சம்பந்தி. எந்தக் கோனை எங்கே வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"கூப்பிடாதீங்க மாப்பிள்ளை. கூப்பிட்டா வந்துடுவேன். வந்தா போகமாட்டேன்."

விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி மாமா" என்றார்.

அன்று முழுக்கக் கூடவே இருந்தோம், சாப்பிட்டோம், வாசல் வரை வந்து வழியனுப்பினார். மறுபடி அவர் கூப்பிடவே இல்லை.

உங்கள் சம்பந்தி